கடல் தாண்டி வரும் பீர்... எதுக்குக் காசு கொடுக்கலாம், எதுக்கு வேண்டாம்?

போன வருஷம் நண்பன் ஒருத்தனுக்குப் புரொமோஷன். பெங்களூருல ஒரு பப்ல ட்ரீட். மொத்தம் ஆறு பேர். மெனு கார்டோட கடைசிப் பக்கத்துல ‘இம்போர்ட்டட்’னு தலைப்புப் போட்டு வரிசையா பத்துப் பன்னிரண்டு பெயர்கள். பாதிப் பெயரை எப்படி உச்சரிக்கிறதுனே தெரியல. ட்ரீட் கொடுக்கிறவன் பெயரைப் பார்க்கவே இல்ல, வலது ஓரத்துல இருந்த விலையைத்தான் பார்த்தான். பச்சை பாட்டில்ல வர்ற ஒரு ஐரோப்பிய லாகரை ஆளுக்கு ஒண்ணுனு ஆர்டர் பண்ணிட்டான். ஒரு பாட்டில் 650 ரூபாய்.

மூடியைத் திறந்ததும் ஒரு வாடை. பழைய ரப்பரை லேசா எரிச்ச மாதிரி. குடிச்சுப் பார்த்தா நாக்குலயும் அதேதான். ஆனா யாரும் எதுவும் சொல்லல. ஒருத்தன் மட்டும், “இதுதான்டா ஒரிஜினல் யூரோப்பியன் டேஸ்ட்”னு ஆரம்பிச்சு வெச்சான். எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். 3,900 ரூபாய் பில் வரப்போற டேபிள்ல வேற என்ன சொல்ல முடியும்?

இந்தக் கட்டுரைக்காகப் படிக்க உட்கார்ந்தப்போதான் விஷயம் தெரிஞ்சது. அது ஒரிஜினல் டேஸ்ட் இல்ல. கெட்டுப்போன பீர். எப்படிக் கெட்டது, யார் தப்புங்கிறதைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த மெனு கார்டுல இருந்த பெயர்களை ஒரு ரவுண்டு பார்த்துடலாம். ஏன்னா, ‘இம்போர்ட்டட்’ங்கிறது ஒரு ரகமே இல்ல. அது கப்பல்ல வந்ததுனு மட்டும்தான் சொல்லுது. பாட்டிலுக்குள்ள என்ன இருக்கு, அது கப்பல் பயணத்தைத் தாங்குமா என்பதெல்லாம் ரகத்தைப் பொறுத்தது.

(தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு இது படிக்க மட்டும். குடிக்காதவங்களும் தாராளமா படிக்கலாம், பாதிக் கட்டுரை வரலாறுதான். ‘மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு’ என்ற வாசகம் உங்களுக்கே மனப்பாடமா தெரியும்.)

இட்லி மாவும் ஈஸ்ட்டும்

பீருக்கு வேண்டியது நாலே பொருள்கள். தண்ணீர், முளைக்கவைத்துக் காயவைத்த பார்லி (இதுதான் மால்ட்), கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். நாலும் ஒண்ணுதான்னா உலகத்துல எப்படி இத்தனை ரகம்?

நம்ம வீட்டு இட்லி மாவை நினைச்சுக்கோங்க. சென்னை மே மாசத்துல வெளியே வெச்சா சில மணி நேரத்துல பாத்திரத்தை விட்டு வழியும். அதே மாவு ஊட்டி டிசம்பர்ல விடிய விடிய வெச்சாலும் அசையாது. வேகமா புளிச்ச மாவுக்கும் மெதுவா புளிச்ச மாவுக்கும் ருசி ஒண்ணாவா இருக்கு? பீரும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பில் சுறுசுறுப்பாக வேலை செய்யும் ஈஸ்ட் ஒரு வகை. இதில் உருவாகும் பீருக்கு ‘ஏல்’ என்று பெயர். ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும்போது பழ வாசனையும் மசாலா வாசனையும் கூடவே உருவாகும். இன்னொரு வகை ஈஸ்ட்டுக்குக் குளிர்தான் பிடிக்கும். 7 முதல் 13 டிகிரியில் நிதானமாக நொதித்து, அதன்பிறகு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் தூங்கும். இது ‘லாகர்’. ஜெர்மன் மொழியில் ‘லாகர்ன்’ என்றால் சேமித்து வைப்பது. லாகரில் பழவாசனை எல்லாம் கிடையாது, ருசி பளிச்சென்று இருக்கும்.

இந்த லாகர் ஈஸ்ட் பிறந்த கதை சுவாரஸ்யம். அது இரண்டு ஈஸ்ட்கள் கலந்து உருவான கலப்பினம். ஒண்ணு ஏல் ஈஸ்ட். இன்னொரு பெற்றோர் யாருன்னு ரொம்ப காலம் தெரியாம இருந்தது. 2011-ல்தான் தென் அமெரிக்காவின் தென்கோடியில், பட்டகோனியா காட்டு மரங்களில் அந்தக் காட்டு ஈஸ்ட்டைக் கண்டுபிடித்ததாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். பிறகு திபெத்திலும் கிடைத்தது. சில நூறு வருஷமா ஐரோப்பா குடிச்சுக்கிட்டு இருக்கிற பீரோட ஒரு தாத்தா, அண்டார்டிகா பக்கத்துல ஒளிஞ்சிருந்திருக்கார்!

தெருவில் கொட்டிய 36 பீப்பாய்கள்

மெனு கார்டில் நீங்கள் பார்க்கும் பெயர்களில் பெரும்பாலானவை ஒரே ஊரின் வாரிசுகள். இன்றைய செக் குடியரசில் இருக்கும் பில்ஸன். 1838-ல் அந்த ஊர்க்காரர்கள், குடிக்கவே முடியாத மோசமான பீர் என்று சொல்லி 36 பீப்பாய்களை டவுன் ஹால் முன்னால் கொட்டிவிட்டார்கள். கொட்டிய கையோடு, ஊரே சேர்ந்து சொந்தமாக ஓர் ஆலை கட்டினார்கள். ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து ஜோசஃப் க்ரோல் என்ற பீர் தயாரிப்பாளரைக் கூட்டிவந்தார்கள்.

அன்றைக்கு ஐரோப்பாவில் பீர் என்றால் பெரும்பாலும் கறுப்பு அல்லது பழுப்பு. க்ரோல், வெளிர்நிற மால்ட்டையும் அந்த ஊரின் மென்மையான தண்ணீரையும், பக்கத்துப் பகுதியில் விளையும் ஸாட்ஸ் ஹாப்ஸையும், பவேரிய லாகர் ஈஸ்ட்டையும் சேர்த்தார். 1842-ல் வந்தது தங்க நிறத்தில், கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு பீர். அதுதான் பில்ஸ்னர். இன்றைக்கும் ‘பில்ஸ்னர் உர்க்வெல்’ என்ற பெயரில் அங்கேயிருந்து வருகிறது. ஆல்கஹால் 4.4%. ‘உர்க்வெல்’ என்றால் மூல ஊற்று. ‘எங்களைப் பார்த்து எல்லாரும் காப்பியடிச்சுட்டாங்க’ என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

காப்பியடிச்சது உண்மைதான். ஹைனெகன், கார்ல்ஸ்பெர்க், ஸ்டெல்லா ஆர்ட்வா, நம்ம ஊர் கிங்ஃபிஷர் வரைக்கும் எல்லாமே அந்த 1842 பீரின் பேரன் பேத்திகள். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் 1883-ல் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து கலப்படமில்லாத ஈஸ்ட்டை வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். நிறுவனம் அதைப் பூட்டிவைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. லாகர் உலகம் முழுக்கப் பரவ அதுவும் ஒரு காரணம். ஜப்பானின் அசாஹி சூப்பர் ட்ரை 1987-ல் வந்தது. அரிசியும் சோளமும் சேர்த்து, குடித்து முடித்ததும் நாக்கில் இனிப்பு தங்காமல் செய்த லாகர். அமெரிக்க பட்வைஸரிலும் அரிசி உண்டு.

இங்க ஒரு விஷயத்தை உடைச்சு சொல்லிடணும். பட்வைஸர், ஹைனெகன், கார்ல்ஸ்பெர்க், டுபோர்க் இதெல்லாம் ‘ஃபாரின் பீர்’னு நினைச்சு வாங்குறீங்க இல்லையா? இந்தியக் கடைகளில் கிடைக்கும் இவை பெரும்பாலும் இந்தியாவிலேயே தயாராகுபவை. பெயர் வெளிநாடு, ஆலை உள்நாடு. ஏமாத்து வேலைனு கோபப்படாதீங்க. லேபிளோட பின்பக்கத்துல எந்த ஊர்ல தயாரிச்சதுனு தெளிவாவே போட்டிருப்பாங்க, நாமதான் திருப்பிப் பார்க்கறதில்ல. என்னைக் கேட்டா, லாகரைப் பொறுத்தவரை இது நல்லதுதான். பக்கத்து மாநிலத்துல தயாராகி ஒரு மாசத்துல கைக்கு வர்ற லாகர், ஐரோப்பாவிலிருந்து கன்டெய்னர்ல வெந்து வர்ற லாகரைவிட நல்லாவே இருக்கும். பீருக்கான இறக்குமதி வரி பல வருஷமா 100 சதவிகிதத்துக்கு மேல இருந்திருக்கு. அந்த 650 ரூபாய்ல கணிசமான பங்கு வரிக்குத்தான் போகுது, ருசிக்கு இல்ல.

வாழைப்பழம் போடாத வாழைப்பழ வாசனை

அடுத்து, பெங்களூரு பப்களில் பலரும் முதலில் காதலில் விழும் ரகம். கோதுமை பீர். கலங்கலாக, வெளிர் மஞ்சளாக, மேலே தடிமனான நுரையோடு வரும். கசப்பு குறைவு. ஆனால் ‘வீட் பீர்’ என்று ஒரே பெயரில் இரண்டு வேறு ஆட்கள் சுற்றுகிறார்கள்.

முதல் ஆள் ஜெர்மனி. ‘ஹெஃபவைஸன்’ என்று லேபிளில் இருக்கும். ஹெஃப என்றால் ஈஸ்ட், வைஸன் என்றால் கோதுமை. மால்ட்டில் பாதிக்காவது கோதுமை இருக்க வேண்டும். எர்டிங்கர், பௌலானர், வைஹென்ஸ்டெஃபன் எல்லாம் இந்தக் குடும்பம். குடித்தால் வாழைப்பழமும் கிராம்பும் வாசனை அடிக்கும். இரண்டையும் யாரும் போடவில்லை. அந்த வகை ஈஸ்ட் தானாகவே உண்டாக்கும் வாசனை அது.

போடவும் முடியாது. 1516-ல் பவேரிய ஆட்சியாளர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. (ஈஸ்ட் என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது.) ‘அப்புறம் கோதுமை எப்படி?’னு கேக்குறீங்கதானே? அங்கதான் ட்விஸ்ட். ஊருக்கெல்லாம் தடை, ஆனால் கோதுமை பீர் காய்ச்சும் உரிமை மட்டும் ஒரு பிரபுக் குடும்பத்துக்கு. பிறகு அது அரச குடும்பத்தின் கைக்கே வந்து, நல்ல வருமானமாகவும் ஆனது. 1872-ல் கெயோர்க் ஷ்னைடர் என்பவர் அந்த உரிமையை வாங்கிய பிறகுதான் சாதாரண ஆலைகளுக்கும் கதவு திறந்தது.

இரண்டாவது ஆள் பெல்ஜியம். ‘விட்பீர்’. ஹூகார்டன் என்ற பெயரை மெனுவில் பார்த்திருப்பீர்கள். அது ஒரு ஊரின் பெயர். அந்த ஊரில் கடைசி பீர் ஆலை 1957-ல் மூடப்பட்டது. நூற்றாண்டுகளாகக் காய்ச்சிய வெள்ளை பீர் அதோடு காலி. அந்த ஆலைக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்து, சின்ன வயதில் அங்கே கூடமாட வேலை செய்தவர் பியர் செலிஸ். தொழில், பால் வியாபாரம். அவருக்கு மட்டும் அந்த ருசி நாக்கைவிட்டுப் போகவில்லை. 1960-களின் நடுவில், ஞாபகத்தில் இருந்ததை வைத்து அந்தப் பீரை மறுபடியும் காய்ச்சினார். 1985-ல் ஆலை தீப்பிடித்து எரிந்தது. திரும்பக் கட்டப் பணம் கொடுத்த பெரிய நிறுவனத்திடம் மெள்ள மெள்ளக் கைமாறிப்போனது. செலிஸ் அமெரிக்காவின் டெக்ஸஸுக்குப் போய் அறுபது வயசுக்கு மேல் மறுபடி ஒரு ஆலை தொடங்கினார். இன்றைக்கு உலகத்தில் எந்த விட்பீர் குடித்தாலும் அது அந்தப் பால்காரர் போட்ட பாதைதான்.

அவர் என்ன போட்டார் தெரியுமா? காயவைத்த ஆரஞ்சுத் தோலும் தனியாவும். ஆமா, நம்ம சாம்பார்ப் பொடிக்கு வறுக்கிற அதே கொத்தமல்லி விதை. அடுத்த முறை ஹூகார்டன் குடிக்கும்போது மூக்கைக் கிட்டக் கொண்டுபோங்க. ‘இந்த வாசனையை எங்கயோ பார்த்திருக்கோமே’னு தோணும். உங்க வீட்டு அஞ்சறைப்பெட்டிதான் அது.

‘பீர்தானே’ என்று ஏமாந்தால்...

பெல்ஜியத்தை விட்டு வெளியே போவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பெல்ஜியத்தில் கிறிஸ்தவத் துறவிகள் மடங்களிலேயே பீர் காய்ச்சுகிறார்கள். ‘ட்ராப்பிஸ்ட்’ என்ற முத்திரை இருந்தால், மடத்தின் எல்லைக்குள், துறவிகளின் மேற்பார்வையில் தயாரானது என்று அர்த்தம். வருமானம் மடத்தின் செலவுக்கும் தர்மத்துக்கும் போகும். வெஸ்ட்மல்லே, ஷிமே, ரோஷ்ஃபோர், ஓர்வால் எல்லாம் அப்படித்தான். வெஸ்ட்ஃப்ளேட்டரன் மடத்துப் பீரை ‘உலகின் தலைசிறந்த பீர்’ என்று ரசிகர்கள் கொண்டாடி, வாங்க வரிசைகட்டினார்கள். துறவிகளோ உற்பத்தியைக் கூட்டவே இல்லை. மடத்தை நடத்தத் தேவையான அளவுதான் காய்ச்சுவோம் என்பது அவர்கள் கணக்கு. எந்த ஸ்டார்ட்-அப்காரரும் தூக்கத்தில்கூட நினைக்காத பிசினஸ் மாடல்!

இந்தப் பீர்கள் சும்மா இல்லை. வெஸ்ட்மல்லே ட்ரிப்பெல் 9.5%. ஷிமே நீல லேபிள் 9%. துறவிகள் காய்ச்சாத, ஆனால் அதே பலமுள்ள டூவெல் 8.5%. (டூவெல் என்றால் பிசாசு. பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.) ட்ரிப்பெல்லும் டூவெல்லும் பார்க்க வெளிர் தங்க நிறத்தில், சின்ன பாட்டிலில், லாகர் மாதிரியே இருக்கும். இனிப்பும் பழவாசனையும் ஆல்கஹாலை மறைத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 330 மில்லி ட்ரிப்பெல்லில் சுமார் 31 மில்லி சுத்தமான ஆல்கஹால். 5% லாகர் 650 மில்லி பெரிய பாட்டிலில் இருப்பது 32.5 மில்லி. அதாவது அந்தக் குட்டி பாட்டில் ஒன்று, ஒரு முழு பெரிய பாட்டிலுக்குச் சமம். ‘சின்னதுதானே’ என்று மூன்று குடித்தால் மூன்று பெரிய பாட்டில் உள்ளே போயிருக்கும். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே வழக்கு. பெரும்பாலானவர்களுக்கு ஒரே ஒரு ட்ரிப்பெல் போதும், அந்தக் கோட்டைத் தாண்ட. பைக் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். லேபிளில் சதவிகிதத்தைப் பார்க்காமல் முதல் வாய் வைக்காதீர்கள்.

கறுப்பா இருந்தா ஸ்ட்ராங்கா?

இதுக்கு நேர் எதிரான ஏமாற்றம் கறுப்பு பீர். டார்க் காபி நிறத்தில் வரும் கின்னஸைப் பார்த்து பயப்படாதவர்கள் குறைவு. ஆனால் டப்ளின் பப்பில் குழாயிலிருந்து ஊற்றும் கின்னஸ் டிராட்டில் ஆல்கஹால் 4.2% மட்டுமே. நம் ஊர் ‘ஸ்ட்ராங்’ பீர்கள் 8% வரை போகும். அதோடு ஒப்பிட்டால் இது சாது.

நிறம் வருவது வறுத்த பார்லியிலிருந்து. காபிக்கொட்டையைக் கறுக்க வறுப்பது மாதிரிதான். அதனால்தான் காபி, கசப்பு சாக்லேட் வாசனை. ஸ்டவுட் என்ற பெயர், ‘ஸ்டவுட் போர்ட்டர்’ என்பதன் சுருக்கம். போர்ட்டர் என்பது 18-ம் நூற்றாண்டு லண்டனில் மூட்டை தூக்கும் தொழிலாளிகள் விரும்பிக் குடித்த கறுப்பு பீர், பெயரும் அவர்களிடமிருந்து வந்ததுதான். அதில் கொஞ்சம் பலமானது ஸ்டவுட். ஆர்தர் கின்னஸ் 1759-ல் டப்ளினில் ஆலைக்கு இடம் பிடித்தார். குத்தகை எத்தனை வருஷத்துக்குத் தெரியுமா? 9,000 வருஷம். வருஷ வாடகை 45 பவுண்டு. (வாடகை ஏத்துறேன்னு மிரட்டற நம்ம ஹவுஸ் ஓனர்களை நினைச்சு ஒரு நிமிஷம் பெருமூச்சு விட்டுக்கிட்டேன்.)

கின்னஸ் கேனைக் காலியானதும் ஆட்டினால் உள்ளே ஏதோ உருளும். பிளாஸ்டிக் பந்து. கேனைத் திறக்கும்போது அதற்குள்ளிருந்து நைட்ரஜன் பீய்ச்சி, பப்பில் ஊற்றியது போன்ற க்ரீம் நுரை வரும். அதனால் கேனிலிருந்து அப்படியே குடிக்காதீங்க. கிளாஸ்ல ஊத்தி, கலங்கல் கீழேயிருந்து மேலே தெளியறதை வேடிக்கை பாருங்க. பாதி அனுபவம் அதுதான்.

பலமான ஸ்டவுட்டும் உண்டு, அது நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையின் லயன் ஸ்டவுட், 8.8%. ஒரு காலத்தில் நுவரெலியா குளிரில் காய்ச்சினார்கள், இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில். பீர் விமர்சகர்களின் பிதாமகரான மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்ல, இங்கிலாந்துக்காரர்) இதைப் பாராட்டி எழுதியபிறகு உலகம் முழுக்க ரசிகர்கள். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உறவினர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது.

மெட்ராஸுக்கு வந்த கப்பல்

இப்போது ஐ.பி.ஏ. விரிவாக்கம் ‘இந்தியா பேல் ஏல்’. பெயரிலேயே இந்தியா. ஆனால் இந்தியாவில் பிறந்தது இல்லை.

18-ம் நூற்றாண்டின் கடைசி. லண்டனில் கிழக்கிந்திய கம்பெனிக் கப்பல்கள் கிளம்பும் துறைக்குப் பக்கத்தில், போ என்ற இடத்தில் ஹாட்சன் குடும்பத்தின் பீர் ஆலை இருந்தது. கப்பல் கேப்டன்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் சரக்கு ஏற்றிப்போய் விற்கும் உரிமை உண்டு. ஹாட்சன் அவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் கடன் கொடுத்தார். போதாதா? பீப்பாய்கள் மெட்ராஸ், கல்கத்தா, பம்பாய்க்குக் கிளம்பின. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, நாலு முதல் ஆறு மாதப் பயணம்.

ஹாப்ஸ் தாராளமாகச் சேர்த்த அந்த வெளிர்நிற ஏல், வழியில் கெடாமல் வந்தது மட்டுமில்லை, சூட்டிலும் ஆட்டத்திலும் பக்குவப்பட்டு இன்னும் நன்றாக ஆகியிருந்தது. இதிலிருந்துதான் ‘இந்தியாவுக்காகவே கண்டுபிடித்த பீர்’ என்ற கதை கிளம்பியது. வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. இங்கிலாந்தில் ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்த பீர்தான் அது. கறுப்பு போர்ட்டரும் நல்லபடியாகவே இந்தியா வந்து சேர்ந்தது. சாதாரண சிப்பாய்கள் அதைத்தான் குடித்தார்கள். வெளிர் ஏல் அதிகாரிகளின் டேபிளுக்கு. ‘இந்தியா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது பிறகுதான்.

1820-களில் ஹாட்சன் குடும்பம் கம்பெனிக்காரர்களோடு வியாபாரத்தில் முட்டிக்கொள்ள, பர்ட்டன் என்ற ஊரின் ஆல்சாப், பாஸ் ஆலைகள் உள்ளே புகுந்தன. ஜிப்சம் கலந்த பர்ட்டன் தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு இன்னும் துல்லியமாக வந்தது. பாஸ் ஆலையின் சிவப்பு முக்கோணம்தான் 1876-ல் இங்கிலாந்தின் முதல் பதிவு பெற்ற டிரேட்மார்க். அடுத்த நூற்றாண்டில் இந்த ரகம் சோர்ந்து கிடந்தது. அதை எழுப்பியது அமெரிக்கா. 1972-ல் வெளிவந்த கேஸ்கேட் என்ற புது ஹாப்ஸ் ரகத்தில் சாத்துக்குடி, பம்ளிமாஸ் மாதிரி வாசனை. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா போன்ற சின்ன ஆலைகள் 1980-லிருந்து அதை அள்ளிப் போட்டன. இன்றைக்கு நீங்கள் குடிக்கும் ஐ.பி.ஏ-வில் மாம்பழம், அன்னாசி, பைன் மர வாசனை அடிப்பது அந்த வழியில்தான்.

ஆனா இங்க ஒரு வேடிக்கை இருக்கு. ஆறு மாசக் கப்பல் பயணத்தால புகழ்பெற்ற பெயர் இது. இன்னைக்கு இருக்கிற ஐ.பி.ஏ-வுக்குப் பயணம்தான் எதிரி! ஹாப்ஸ் வாசனை சில மாதங்களிலேயே மங்கிவிடும், சூட்டில் இன்னும் சீக்கிரம். அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி, சுங்கத்தில் காத்திருந்து, குடோனில் தூங்கி வரும் ஐ.பி.ஏ-வில் கசப்பு மிஞ்சும், மாம்பழம் போய்விடும். இதுக்குப் பெரிய தொகை கொடுப்பது வீண் என்பது என் கருத்து. பெங்களூரு மைக்ரோ ப்ரூவரி ஒன்றில் போன வாரம் காய்ச்சியதைக் குடியுங்கள், பாதி விலையில் பழுதில்லாத ஐ.பி.ஏ.

அந்தப் பச்சை பாட்டிலுக்கு என்ன ஆச்சு?

பீருக்கு மூன்று எதிரிகள். வெளிச்சம், சூடு, வயசு.

வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து கந்தகம் கலந்த ஒரு பொருள் உருவாகும். ஸ்கங்க் என்ற விலங்கு பயத்தில் பீய்ச்சும் திரவம் இருக்கிறதே, அதன் உறவுக்காரப் பொருள் அது. மனித மூக்கு இதைத் துளியிலும் துளியாகக் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் இப்படிக் கெட்ட பீரை ‘ஸ்கங்க்’ ஆகிவிட்டது என்கிறார்கள். பழுப்பு பாட்டில் அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும். பச்சை கொஞ்சம்தான். நிறமே இல்லாத பாட்டில் சுத்தமாகத் தடுக்காது, நேரடி வெயிலில் சில நிமிஷங்களே போதும். கேனுக்குள் ஒளியே நுழையாது. அதனால், ‘கேன்ல வர்றது மட்டம், பாட்டில்தான் கெத்து’ங்கிற நம்பிக்கையை விட்டுடுங்க.

எங்க டேபிளுக்கு வந்த பாட்டில்கள் எங்கே இருந்ததுனு யோசிச்சுப் பார்த்தேன். பார் கவுன்ட்டருக்குப் பின்னாடி, டியூப் லைட்டும் ஸ்பாட் லைட்டும் அடிக்கிற கண்ணாடி ஷெல்ஃப். அழகா அடுக்கி வெச்சிருந்தாங்க. மாசக்கணக்கா அங்கேயே இருந்திருக்கலாம். பீரைக் காய்ச்சினவர் மேல தப்பில்ல, அலங்காரத்துக்கு வெச்சவங்க மேலதான்.

சூடும் வயசும் சேர்ந்தால் வேறு ருசி வரும். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி. பெரும்பாலான லாகர்களுக்கு ஆயுள் ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம். அதில் பாதியைக் கப்பலும் குடோனும் தின்றுவிடும். இறக்குமதிப் பீரில் பலவற்றில் தயாரித்த தேதி இருக்காது, ‘இதற்குள் குடிக்கவும்’ என்ற தேதிதான் இருக்கும். ஐரோப்பிய பாட்டில் என்றால் நம்மைப் போலவே நாள், மாதம், வருடம் என்ற வரிசை. அமெரிக்க பாட்டிலில் மாதம் முன்னால் வரும், குழம்பாதீர்கள்.

அப்போ கடல் தாண்டி வந்த எதுக்குமே காசு கொடுக்கக் கூடாதா? கொடுக்கலாம். பயணத்தைத் தாங்குற ரகங்களுக்கு. ஷிமே நீல லேபிள் போன்ற பலமான பெல்ஜிய ஏல்களில், பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருந்து இரண்டாவது முறை நொதிக்கும். ஆல்கஹாலும் அதிகம். சில வருஷம் இருட்டில் வைத்தாலும் பக்குவப்படுமே தவிர கெடாது. பலமான ஸ்டவுட்டும் அப்படியே. இவற்றை நம் ஊர் ஆலைகள் எளிதில் ஈடுகட்டவும் முடியாது. ஜெர்மன் கோதுமை பீர் நடுவில். தேதி நன்றாக இருந்தால் வாங்கலாம். பச்சை பாட்டில் லாகரும் வாசனை ஐ.பி.ஏ-வும் கடைசி.

ரெண்டு மாசம் முன்னாடி மறுபடி அதே நண்பர்கள், வேற ஒரு பப். இந்த முறை நான் மெனு கார்டைத் திருப்பி வெச்சுட்டு, “ஷிமே இருக்கா? ஷெல்ஃப்ல இருக்கிறது வேண்டாம், உள்ளே ஃப்ரிட்ஜ்ல இருந்து கொண்டுவாங்க, திறக்கறதுக்கு முன்னாடி தேதி பார்க்கணும்”னு சொன்னேன். சர்வர் அண்ணா ஒரு மாதிரி பார்த்தார். பசங்க அதைவிட ஒரு மாதிரி பார்த்தாங்க. அவர் உள்ளே போய் அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்தார். கையில ரெண்டு பாட்டில். “சார், இது ரெண்டுதான் தேதி இருக்கு. மத்ததை எல்லாம் எடுத்து வெச்சுட்டேன்”னார். ஆறு பேரும் அந்த ரெண்டு பாட்டிலைப் பங்கு போட்டுக்கிட்டோம். போகும்போது கேப்.